'பாரியா' என்று எழுதிய மொழியை நாம் கடைசிப் படி வரை படிக்க வேண்டும்

நம் பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் போர்ச்சுகீசியம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "அதப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்பதுதான். கேள்வி நியாயமானது. நான்கு பேர் கூலிக்குப் போய் ஒருவரைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டாவது கேள்வி படித்தவர்களிடமிருந்து வரும், சில நேரம் நம் இயக்கத் தோழர்களிடமிருந்தே வரும்: "அது காலனியக்காரன் மொழி, அது நமக்கு எதற்கு?"

இந்த இரண்டு கேள்விகளையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். போர்ச்சுகீசியம் படிக்கச் சேரும் நம் மாணவர்கள் ஓராண்டுச் சான்றிதழோடு நின்றுவிடக் கூடாது, மேல்நிலை வரை போக வேண்டும் என்பதே நம் கருத்து. ஏனென்றால் நம்மைப் பற்றி அந்த மொழியில் எழுதப்பட்டதும், நம் போராட்டத்துக்கு மிக அருகில் நிற்கும் ஒரு மக்களின் எழுத்தும் கீழ்ப்படிகளில் நிற்பவருக்குத் திறப்பதில்லை.

மேல்நிலை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஐரோப்பிய மொழிகளைக் கற்பதில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. ஏ1, ஏ2 படிகளில் பெயர் சொல்லலாம், கடையில் விலை கேட்கலாம். பி படிகளில் செய்தித்தாள் படிக்கலாம், அலுவலகத்தில் சமாளிக்கலாம். சி1, சி2 படிகளுக்குப் போனவர்தான் சட்டத்தை, நீதிமன்றத் தீர்ப்பை, பழைய ஆவணத்தை, கவிதையைத் தானே படித்துத் தானே முடிவெடுக்க முடியும். வேறொருவர் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோவா பல்கலைக்கழகத்தில் போர்ச்சுகீசியத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. டெல்லியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் டெல்லி பல்கலைக்கழகத்திலும் இந்த மொழியைக் கற்பிக்கிறார்கள். கதவு இருக்கிறது. அதன் வழியாக உள்ளே போய்க் கடைசி அறை வரை நடப்பவர் யார் என்பதுதான் நம் கவலை.

பெயர் வைத்தவர்களின் மொழி

சாதி என்பதை ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்கிறோம். அந்தச் சொல் போர்ச்சுகீசிய 'காஸ்தா'விலிருந்து வந்தது. வம்சம், இனம், ரகம் என்று அதற்குப் பொருள். இன்றைக்கும் போர்ச்சுகலில் திராட்சை ரகங்களை 'காஸ்தா' என்றுதான் சொல்கிறார்கள். 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் மருந்துச் செடி நூலில், இந்தியாவில் மகன் தந்தையின் தொழிலையே செய்வதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வருகிறது. மருத்துவர் ஒருவர் மூலிகையைப் பற்றி எழுதப் போன இடத்தில்கூட சாதி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அடுத்த சொல் நமக்கு இன்னும் நெருக்கமானது. பறையர் என்ற பெயர் போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய் 'பாரியா' ஆனது. சுமார் 1516-இல் மலபார்க் கரையின் சாதிகளை வரிசையாக எழுதிய துவார்த்தே பார்போசாவின் நூலிலேயே அந்தப் பெயர் இடம்பெற்றுவிட்டது. பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று எல்லா மொழிகளுக்கும் பரவி, 'சமூகத்தால் தள்ளிவைக்கப்பட்டவன்' என்ற பொதுச்சொல்லாக நிலைத்தது. 2020 அக்டோபரில் பிரேசிலின் அன்றைய வெளியுறவு அமைச்சர் எர்னெஸ்து அரௌஜு, இளம் தூதரக அதிகாரிகளின் பட்டமளிப்பில் பேசும்போது, தங்கள் கொள்கையால் உலகம் தங்களைப் பாரியாவாகப் பார்க்குமானால் அப்படியே இருந்துவிட்டுப் போகிறோம் என்று பெருமையாகச் சொன்னார். உயிரோடு வாழும் லட்சக்கணக்கான மக்களின் பெயரை உச்சரிக்கிறோம் என்ற நினைப்பு அந்தப் பேச்சில் இல்லை.

இதே பெயரை 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குத் தலைப்பாக வைத்தார். ஒரே சொல். ஒரு பக்கம் அது உலக மொழிகளில் வசைச்சொல்லாகத் திரிகிறது. மறுபக்கம் நம் முன்னோர் அதைத் தலைநிமிர்ந்து அச்சிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டுமானால் எழுதுபவருக்குத் தமிழும் போர்ச்சுகீசியமும் இரண்டுமே மேல்நிலையில் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கும் அதற்கும் உள்ள கணக்கு

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, வராந்தா, பாதிரி, ஏலம், மேஸ்திரி ஆகிய சொற்கள் போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த உறவு வீட்டுச் சாமான்களோடு முடியவில்லை.

1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் அச்சானது. தமிழை உரோமன் எழுத்தில் போட்டு, போர்ச்சுகீசியத்தோடு சேர்த்து அச்சிட்ட கிறித்தவப் பாடநூல் அது. அதை உருவாக்க உழைத்தவர்கள் தமிழர்கள் மூவர். அவர்களுடைய ஞானஸ்நானப் பெயர்கள் மட்டும் நூலில் இருக்கின்றன: விசென்தே த நசரே, ஜோர்ஜே கர்வால்யு, தோமா த குரூஸ். கடல் கடந்து போய் அரசனின் தலைநகரில் உட்கார்ந்து இரண்டு மொழிகளையும் வரிக்கு வரி பொருத்திக் காட்டியவர்கள் அவர்கள். போர்ச்சுகீசியத்தைக் கரைத்துக் குடித்த தமிழர்களின் வரிசை அங்கேயே தொடங்குகிறது. அடுத்து, ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. 1679-இல் அந்தாவ் த புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அம்பலக்காட்டில் வெளிவந்தது. அதில் 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. தனிநாயக அடிகள் அதை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து 1966-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

முன்னூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொகுத்த அந்த அகராதியில் சாதிப் பெயர்களுக்கும் தொழில் பெயர்களுக்கும் வசைச்சொற்களுக்கும் என்ன பொருள் எழுதியிருக்கிறார்கள்? யாருடைய வாயிலிருந்து கேட்டு எழுதினார்கள்? ஒரு தலித் ஆய்வாளர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துக் கேள்வி கேட்க வேண்டாமா?

மதுரை மறைப்பணியின் கதையும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்து மேல்சாதியினரிடம் மதம் பரப்பினார். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அதை எதிர்த்து எழுதினார். 1616-இல் அவர் எழுதிய பெரிய நூல் போர்ச்சுகீசியத்தில்தான் உள்ளது. பிறகு மேல்சாதியினருக்கு ஒரு வகைக் குருமார், மற்றவர்களுக்குப் 'பண்டாரச் சாமிகள்' என்று மறைப்பணியே சாதிவாரியாகப் பிரிந்தது. கோயிலுக்குள் தடுப்பு, கல்லறையில் தடுப்பு என்று நாம் இன்றைக்கும் எதிர்த்துப் போராடும் பிரிவினையின் வேர் எங்கே ஊன்றியது என்று தேடினால், அந்தக் காலத்துக் குருமார் எழுதிய ஆண்டுக் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். அவற்றில் பெரும்பகுதி போர்ச்சுகீசியம். அதுவும் பழைய கையெழுத்து, சுருக்கெழுத்து, இன்றைய எழுத்திலக்கணத்துக்கு முந்தைய நடை. ஏ2 படித்தவரால் அதில் ஒரு வரியைக்கூடக் கடக்க முடியாது.

ஈழத்தில் நிலப் பதிவேட்டைத் 'தோம்பு' என்பார்கள். அதுவும் போர்ச்சுகீசியச் சொல்தான். யார் நிலம், என்ன வரி, எந்தச் சாதி என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இத்தகைய பதிவேடுகளில் ஏறியது. லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே 'தோரே து தோம்பு'. தோம்புக் கோபுரம் என்று பொருள்.

கோவாவில் இது பழங்கதை ஆகவில்லை. கிராமத்து நிலத்தை 'காவ்ங்கார்' எனப்படும் ஆதிக் குடும்பங்களின் ஆண்வாரிசுகள் கூட்டாக வைத்திருந்த முறையை, 1526-இல் அஃபோன்சு மெஷியாவின் பட்டயம் எழுத்தில் பதிவு செய்தது. பிற்காலத்தில் அதற்கெனத் தனிச் சட்டத் தொகுப்பே போர்ச்சுகீசியத்தில் வந்தது. 1867-ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசியக் குடிமைச் சட்டத்தின் பகுதிகள் கோவாவில் இன்றும் நடைமுறையில் உள்ளன. பழைய நில வழக்கு என்றால் போர்ச்சுகீசியப் பத்திரத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த குடும்பங்களிலிருந்தே வந்தார்கள். நிலம் இல்லாதவருக்குப் பத்திரமும் இல்லை, பத்திரத்தைப் படிக்கும் மொழியும் இல்லை. மொழி அறிவு நேரடியாக அதிகாரமாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கறுப்புப் பிரேசில் நமக்கு ஏன் தெரியவில்லை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்ததே பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துத்தான். ஆனால் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரிய கூட்டம் போய் இறங்கிய நாடு பிரேசில். ஏறக்குறைய 48 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக, 1888-இல்தான், அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலையானவர்களுக்கு நிலமும் தரவில்லை, இழப்பீடும் தரவில்லை. அந்தப் பிரேசிலைப் பற்றி நம் கூட்டங்களில் எத்தனை பேர் பேசுகிறோம்? காரணம் எளிது. அமெரிக்கக் கறுப்பர் ஆங்கிலத்தில் எழுதினார்கள். பிரேசில் கறுப்பர் போர்ச்சுகீசியத்தில் எழுதுகிறார்கள்.

இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். ரியோ மாநிலப் பல்கலைக்கழகம் 2003-இல் ஒதுக்கீட்டைத் தொடங்கியது. "தகுதி போய்விடும்", "சமத்துவத்துக்கு எதிரானது" என்று நமக்குப் பழக்கமான அதே கூச்சல் அங்கும் எழுந்தது. வழக்கு போனது. 2012 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த 12.711 எண் சட்டம், கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் ஏழைகளுக்கும் கறுப்பின, கலப்பின, பழங்குடி மக்களுக்கும் பங்கு பிரித்தது. அரசுப் பள்ளியையும் இனத்தையும் ஒன்றாக இணைத்த இந்த ஏற்பாடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பார்த்திருக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு உடனே புரியும். பொய்யாக இனம் சொல்லிச் சேருபவர்களைக் கண்டுபிடிக்க அங்கே தனிக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். போலிச் சாதிச் சான்றிதழ்களோடு மல்லுக்கட்டும் நாம் அந்த விவாதங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். தீர்ப்பும் சட்டமும் விவாதமும் போர்ச்சுகீசியத்தில் இருக்கின்றன.

"ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வருமே" என்பார்கள். வரும். ஆனால் என்ன வருகிறது, என்ன விடுபடுகிறது என்று பாருங்கள். பிரேசில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ப்ரெத்து' என்பது கறுப்பு நிறத்தவர், 'பார்து' என்பது கலப்பு நிறத்தவர். 2022 கணக்கெடுப்பில் பார்து 45.3 சதவீதம், வெள்ளையர் 43.5 சதவீதம், ப்ரெத்து 10.2 சதவீதம். ப்ரெத்துவையும் பார்துவையும் சேர்த்து 'நெக்ரு' என்று ஒரே மக்களாக நிற்க வைத்தது கறுப்பின இயக்கம். 2010-இல் வந்த இனச் சமத்துவச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. பல சாதிப் பெயர்களை ஒன்றாகத் திரட்டித் 'தலித்' என்று நிற்பதற்குள் நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'பிளாக்' என்ற ஒரே சொல் போட்டுவிட்டால் இந்த அரசியல் முழுவதும் மறைந்துவிடும்.

இன்னொன்று. அடிமை என்பதற்குப் போர்ச்சுகீசியத்தில் 'எஸ்க்ராவு' என்ற சொல் இருக்கிறது. கறுப்பின எழுத்தாளர்கள் அதை விலக்கி 'எஸ்க்ராவிஸாது' என்று எழுதச் சொல்கிறார்கள். அடிமையாக்கப்பட்டவர் என்று பொருள். யாரும் அடிமையாகப் பிறப்பதில்லை, ஒருவர் இன்னொருவரை அடிமையாக்கினார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'தாழ்ந்தவர்' என்று எழுதியதை அடித்துத் 'தாழ்த்தப்பட்டவர்' என்று எழுத வைத்தவர்கள் நாம். இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போர்ச்சுகீசிய வகுப்பில் வெறும் இலக்கணப் பாடமாக நடத்தப்படும் இடத்தில் நம் மாணவர் ஒரு வரலாற்றையே பார்ப்பார்.

அந்த மொழியில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. 'செர்' என்பது இயல்பாக இருப்பது, 'எஸ்தார்' என்பது இப்போதைக்கு அப்படி இருப்பது. ஒருவரை ஏழை என்று சொல்லும்போது எந்த வினையைப் போடுகிறோம் என்பதில் ஒரு பார்வையே அடங்கியிருக்கிறது. 'சென்யோர்' என்பது இன்று மரியாதைச் சொல், 'ஐயா' போல. ஆனால் தோட்டத்துக்கும் அடிமைகளுக்கும் உடைமையாளனைக் குறித்ததும் அதே சொல்தான். நம் தாத்தா பாட்டிகள் வாயில் 'ஆண்டை', 'சாமி' என்ற சொற்கள் எப்படி ஏற்றப்பட்டன என்று தெரிந்தவருக்கு அந்த மொழியின் மரியாதைச் சொற்கள் வேறு விதமாகக் கேட்கும். இதை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது. நம் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுபோகும் அறிவு அது.

கரோலினா மரியா தெ ஜெசுஸ் சாவ் பாவ்லுவின் கனிந்தே சேரியில் குப்பையில் காகிதம் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டு. பொறுக்கிய நோட்டுகளில் நாட்குறிப்பு எழுதினார். அது 1960-இல் 'குவார்து தெ தெஸ்பேஜு' என்ற பெயரில் நூலாகி அந்நாட்டையே உலுக்கியது. வேண்டாத சாமான்களைப் போட்டுவைக்கும் அறை என்று தலைப்புக்குப் பொருள். மூலத்தில் அவருடைய எழுத்துப் பிழைகளோடுதான் அச்சானது. ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த நடை பெரிதும் சமமாகிவிட்டது. பாமாவின் 'கருக்கு' நாவலைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தவருக்கு இந்த இழப்பு என்னவென்று தெரியும். கரோலினாவின் நாட்குறிப்பை ஆங்கிலத்தின் முதுகில் ஏறாமல் நேராகத் தமிழுக்குக் கொண்டுவர நம்மிடம் ஆள் வேண்டும்.

சேரியில் பிறந்து, வீட்டு வேலை செய்து படித்து, முனைவர் பட்டம் வரை போன கொன்செய்சாவ் எவரிஸ்து, எழுத்தையும் வாழ்வையும் சேர்த்து 'எஸ்க்ரெவிவென்சியா' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். சாந்தோஸ் நகரில் 1936-இலேயே வீட்டுப் பணியாளர்களுக்குச் சங்கம் கட்டியவர் லாவ்தெலினா தெ கம்புஸ் மெலு. ரியோவின் மாரே சேரியில் பிறந்து, ஏழை மாணவர்களுக்கான சமூக நுழைவுத்தேர்வு வகுப்பில் படித்து மேலே வந்து, மாநகராட்சி உறுப்பினராகி, 2018 மார்ச் 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர் மரியெல்லே பிராங்கு. நம் இரவுப் பள்ளிகளைப் போன்ற அந்த வகுப்புகளை அவர்கள் எப்படி நடத்தினார்கள், யார் பாடம் எடுத்தார்கள், பணம் எப்படி வந்தது என்பதெல்லாம் நமக்கு நாளைக்கே பயன்படும் விஷயங்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. காலனியக்காரன் மொழிதானே? ஆம். கோவாவில் 1560-இல் தொடங்கி 1812 வரை மத விசாரணை நடத்தியவர்களின் மொழி. அடிமைக் கப்பல்களின் மொழியும் அதுதான். ஆனால் கறுப்புப் பிரேசில் அதை எசமானனுக்கே விட்டுவிடவில்லை. பிரேசில் பேச்சுமொழி ஆப்பிரிக்க மொழிகளால் உருவானது என்று காட்டிய லேலியா கொன்சாலெஸ், ப்ரெத்துவையும் போர்த்துகேஸையும் சேர்த்து அதற்குப் 'ப்ரெத்துகேஸ்' என்று பெயர் வைத்தார். கினி-பிசாவ், கேப் வெர்தே விடுதலைப் போரை நடத்திய அமில்கர் கப்ரால் போர்ச்சுகீசியத்தில்தான் எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் பாலியைக் கற்று நம் வரலாற்றைத் திருப்பி வாசித்தார். பள்ளியில் அண்ணலுக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் எடுக்க வேண்டி வந்தது. எந்த மொழி நமக்கு வேண்டாம் என்பதை இதுவரை பெரும்பாலும் மற்றவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவை இனி நாமே செய்வோம்.

எந்தப் படியில் நாம் நிற்கிறோம்

களத்தில் மாணவர்களோடு வேலை செய்யும்போது நாங்கள் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசிய முதல் வகுப்பில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கான்வென்ட் பிள்ளை பதினைந்து ஆண்டு முன்னால் ஓடிய பிறகுதான் ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளை ஓடத் தொடங்குகிறது. போர்ச்சுகீசியத்தில் மூக்கால் ஒலிக்கும் 'ஆவ்' ஓசையில் இருவரும் ஒன்றாகத் தடுமாறுவார்கள். சொல்லப்போனால் வீட்டில் ஒரு பேச்சும் பள்ளியில் ஒரு பேச்சும் என்று வளர்ந்த நம் பிள்ளைக்கு இரண்டு நடைகளுக்கிடையே தாவுவது புதிதல்ல.

இடைவெளி பிறகு விழுகிறது. அகராதியும் இலக்கண நூலும் ஆங்கிலம் வழியாகத்தான் கிடைக்கின்றன. பன்னாட்டுத் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். விடுமுறையில் ஒருவர் லிஸ்பனில் கோடைக்கால வகுப்புக்குப் போவார், இன்னொருவர் ஊருக்கு வந்து நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் துணையாக இருப்பார். வகுப்பில் வாய்திறந்து பேசப் பேசத்தான் மொழி வரும், பேசினால் சிரிக்கிறார்கள் என்று அடங்கிப்போகிறவருக்கு எழுத்து மட்டும் வரும். பி1 முடித்த கையோடு ஒரு வேலை கிடைத்தால் குடும்பத்துக்காகப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் விளைவு என்ன? சி1 வகுப்பில், ஆவணக் காப்பகத்தில், மொழிபெயர்ப்பாளர் மேசையில் நம்மவர் இல்லை. நம்மைப் பற்றிய ஆவணத்தை மறுபடியும் வேறொருவர் படித்து, அவருக்கு எது முக்கியமோ அதை நமக்குச் சொல்கிறார்.

அரசின் கொள்கையும் இதைக் கூட்டுகிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022-இல் வந்த திருத்தப்பட்ட நெறிமுறை, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். சி1 வரை படித்த ஒரு தலித் மாணவர் இந்தப் பணத்தில் லிஸ்பனுக்குப் போய்ப் பிரேசில் அடிமைமுறையை ஆராயலாம். அதே ஊரில், அதே காப்பகத்தில், அடுத்த அலமாரியில் இருக்கும் தன் முன்னோரைப் பற்றிய தாள்களை ஆய்வுப் பொருளாக எடுக்க முடியாது. இது தற்செயலாக நடந்த விடுபடல் என்று நம்ப நாம் தயாராக இல்லை.

என்ன செய்ய வேண்டும்

முதலாவது, அந்த நெறிமுறை நீங்க வேண்டும். மாணவர் அமைப்புகள் இதை ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பம் தொடங்கும் மாதத்தில் கையில் எடுக்க வேண்டும். ஒரு கண்டன அறிக்கையோடு விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவி தருகிறது. அதோடு, வெளிநாட்டு மொழிகளில் பி2, சி1 தேர்வுகளுக்கான கட்டணத்தையும் பயிற்சிச் செலவையும் ஏற்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மேற்படிப்பைத் தேடிப் போகும் நாட்டின் மொழி இல்லாமல் அந்த உதவி பாதி உதவிதான்.

மூன்றாவது, நம் கையில் உள்ள வேலை. ஒரு மாவட்டத்தில் இரண்டு பேர் போர்ச்சுகீசியம் படித்தால் போதும், இணையவழியில் ஒரு வாசிப்புக் குழு தொடங்கலாம். வாரம் ஒரு பக்கம். கரோலினாவின் நாட்குறிப்பிலிருந்தோ ஒதுக்கீட்டுத் தீர்ப்பிலிருந்தோ ஒரு பக்கத்தைத் தமிழில் கொண்டுவந்து நம் இதழ்களில் வெளியிடலாம். சிரிப்பார்களோ என்ற பயம் இல்லாமல் வாய்திறந்து பேச ஓர் இடம் அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவோம். வேலை உண்டா? உண்டு, ஆனால் அளவாக. மொழிபெயர்ப்பு, பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகப் பணி, கோவாவில் ஆவணப் பணி, கற்பித்தல் என்று வழிகள் உண்டு. அவற்றிலும் பி1 சான்றிதழுக்கும் சி1 சான்றிதழுக்கும் மதிப்பு ஒன்றாக இருக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. பிரேசிலின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே தங்கும் செலவும் பயணமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் இங்கிலாந்தில் ஓராண்டுக்கு லட்சம் லட்சமாகக் கட்டணம் கேட்கும்போது, மொழி தெரிந்தவருக்குத் திறக்கும் இந்தக் கதவைப் பற்றி நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அது தமிழ்வழியில் படித்தவருக்கும் திறக்கும், ஏனென்றால் அங்கே கேட்பது போர்ச்சுகீசியம்.

வீட்டில் கேட்பவர்களிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள் தோழர்களே. சேர்க்கை விண்ணப்பத்தில் மொழிப் பிரிவைப் பார்த்தால் தயங்காமல் தேர்வு செய்யுங்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த படிக்குப் போவதற்கு எவ்வளவு பணம் தேவை, எந்த நூல் தேவை, யார் உதவி தேவை என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒருவர் சி1 முடிக்க நாம் பத்துப் பேர் கை கொடுத்தால் ஆகும். அவர் படித்து வந்து மற்ற ஆயிரம் பேருக்குத் தமிழில் சொல்வார்.

ஜெய் பீம்.